எந்த போஸ் வீட்டுப் பிள்ளை?

தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, அதன்பின் தன் பெயர். அவ்வளவோடு ஒரு ஆயுள் முழுவதும் ஓடிவிடும். என் பெயரோ வங்காளத்தில் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவரும் பெயர். முன்னால் அப்பாவின் எழுத்து ஒன்று, பின்னால் போஸ். ரேஷன் கார்டிலும் வங்கிப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

இராமநாதபுரம் சீமையில் நான் பிறந்த ஊர்ப்பக்கம் இது அதிசயமே இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் “போஸ்” என்று கூப்பிட்டால் நாலைந்து பேர் “உள்ளேன் ஐயா” என்போம். சுபாஷ், சந்திரபோஸ், நேதாஜி என்று வேறு உருவங்களிலும் அதே மனிதர் வகுப்பில் உட்கார்ந்திருப்பார். ஊரில் அடையாளம் தெரிவதற்காக மேலத்தெரு போஸ், டீக்கடை போஸ், கணக்குப்பிள்ளை மகன் போஸ் என்று பிரித்துக் கூப்பிட்டார்கள். எல்லாத் தெருவிலும் போஸ்கள் உண்டு. சர்ச்சுக்குப் பின்னால் இருந்த வீட்டிலும் ஒரு சந்திரபோஸ் இருந்தார்.

இந்தப் பெயர் எங்கள் வீட்டுக்குக் கப்பலில் வந்தது. அப்பா சின்ன வயதிலேயே மலாயாவுக்குப் போய்ப் பேராக் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தார். தோட்டம் தோட்டமாகச் செய்தி பரவியது. அப்பா வெட்டுக்கத்தியை வைத்துவிட்டு இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். லயத்துப் பெண்களும் போனார்கள். சென்னையில் படித்த டாக்டர் லட்சுமி தலைமையில் ஜான்சி ராணி படை என்று ஒன்று திரண்டபோது, அதில் சேர்ந்தவர்களில் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பெண்கள் ஏராளம். போர் முடிந்ததும் ஒரு தகரப்பெட்டியோடு அப்பா ஊர் திரும்பினார். 1948-இல் நான் பிறந்தேன். பெயர் விஷயத்தில் வீட்டில் யாரையும் கலந்துகொள்ளவில்லை என்று அம்மா சொல்வாள்.

அப்பாவைப் போல இந்தப் பெயரை வைத்த எல்லோரும் மலாயா போனவர்கள் என்றில்லை. 1939 செப்டம்பரில் சுபாஷ் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். இரண்டாம் உலகப்போர் மூண்ட செய்தி அவருக்குக் கிடைத்ததே சென்னைக் கடற்கரைக் கூட்டத்தில்தான். அடுத்து மதுரைக்கு வந்தார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அவரை அழைத்துவந்தார். அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள், நின்றவர் சொல்லக் கேட்டவர்கள் என்று எத்தனையோ பேர் தங்கள் பிள்ளைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள்.

வயதான பிறகு ஒன்றை யோசித்துப் பார்க்கிறேன். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டிக்கொள்வதை விடச் சொன்னது. மெல்ல மெல்ல நாடே அதைக் கேட்டது. வங்காளத்தில் போஸ் என்பது காயஸ்தர் பெயர். கோஷ், மித்ரா, குஹா என்ற பெயர்களோடு சேர்த்துக் குலீனர் என்று உயர்வாகச் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அதை அறியவும் இல்லை, அறிந்துகொள்ள ஆசைப்படவும் இல்லை. ஒரு மனிதர்மேல் வைத்த பிரியத்துக்காக அவர் வீட்டுப் பெயரை எடுத்துத் தங்கள் பிள்ளையைக் கொஞ்சினார்கள். சாதி எங்கோ வங்கக் கடலிலேயே கழுவிப்போய்விட்டது. பிரியம் மட்டும் கரை சேர்ந்தது. இதை நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வங்கி வேலையில் எனக்குக் கல்கத்தாவுக்கு மாற்றல் வந்தது. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தமிழர்கள் லேக் மார்க்கெட் பக்கம் நிறைய இருந்தார்கள். அங்கே இடம் கிடைக்காமல் பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் மாடி அறையைப் பார்க்கப் போனேன். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கிளை மேலாளர் கொடுத்த கடிதத்தை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். “எந்த போஸ் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டார். அவரும் ஒரு போஸ்.

அப்பா கதையைச் சொன்னேன். என் வங்காளம் அப்போது மீன் வாங்கக்கூடப் போதாது, ஆங்கிலத்தில்தான் சொன்னேன். கிழவர் வெகுநேரம் பேசவில்லை. “அப்படியானால் உனக்கு இந்த ஊரில் நிறையச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவராகக் காட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போய்விடாதே” என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு மேஷோமஷாய், அவர் மனைவி மாஷிமா. நம் ஊரில் சித்தப்பா, சித்தி என்பதுபோல அங்கே இப்படிக் கூப்பிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் என் உண்மையான கல்லூரி. மேஷோமஷாய்க்கு ஒரு பழக்கம். பெயர்பெற்ற ஒரு போஸைப் பற்றிப் பேசத் தொடங்குவார். பேச்சு பாதி வழியில் வேறு யாரிடமாவது போய்விடும். பக்கத்தில் நின்று கைகொடுத்த ஒருவரைப் பற்றி அவர் அதிகம் சொல்வார். அப்போது எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. பெரிய மனிதரைப் பற்றிக் கேட்க உட்கார்ந்தவனுக்கு அவர் மனைவியைப் பற்றியும் அக்காவைப் பற்றியும் எதற்கு என்று இருக்கும். இருபத்தைந்து வயதில் அப்படித்தானே இருக்கும்.

முதலில் ஜகதீஷ் சந்திர போஸிடம் அழைத்துப்போனார். அப்பர் சர்க்குலர் சாலையில் அவர் 1917-இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. செடிக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டியவர் என்று நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரி வருமே, அவர்தான். கம்பியில்லாமல் மின்னலைகளை அனுப்பி, சுவரைத் தாண்டி மணியடிக்க வைத்துக் கல்கத்தாவில் 1895-இலேயே காட்டியவர். மேஷோமஷாய் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகத்தான் சொன்னார். சம்பளத்தைப் பற்றி நீளமாகச் சொன்னார்.

1885-இல் ஜகதீஷ் பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். அன்று ஒரே வேலைக்கு வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு. தற்காலிக நியமனம் என்று சொல்லி அதிலும் பாதியைக் குறைத்துக்கொண்டார்கள். அவர் கூச்சல் போடவில்லை, வேலையை விடவும் இல்லை. பாடம் நடத்தினார், சம்பளத்தைத் தொடாமல் இருந்தார். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, மூன்று வருடம். வீட்டில் அப்பாவின் கடன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1887-இல் கல்யாணமும் ஆயிற்று. கல்கத்தாவில் வாடகை கொடுத்துக் கட்டாது என்று சந்தன்நகரில் குடியிருந்தார்கள். ஹூக்ளி ஆற்றைச் சின்னப் படகில் கடந்து மறுகரையில் ரயில் பிடித்துக் கல்லூரிக்குப் போவார் கணவர். படகைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார் மனைவி அபலா. கடைசியில் அரசாங்கம் இறங்கிவந்து, சேர்ந்த நாளிலிருந்து கணக்குப் போட்டு முழுச் சம்பளத்தையும் கொடுத்தது. அந்தப் பணத்தில் அப்பாவின் கடனை அடைத்தார்.

மூன்று வருடம் சம்பளம் இல்லாமல் இருப்பது என்றால் என்ன என்று அப்போது எனக்குப் புரியவில்லை. பிறகு குடும்பம், வீட்டுக்கடன், இரண்டு பிள்ளைகளின் படிப்பு என்று வந்தபோது புரிந்தது. மாதச் சம்பளம் ஒரு வாரம் தள்ளிப்போனாலே வீடு ஆடிப்போகிறது. அதனால் அந்தக் கதையில் இப்போது எனக்குப் பெரியவராகத் தெரிபவர் படகோட்டிய பெண்தான். தன்மானம் ஒருவருக்கு, அடுப்பை எரியவைக்கும் பொறுப்பு இன்னொருவருக்கு என்று பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ‘எத்தனை நாள்தான் இப்படி?’ என்று ஒரே ஒரு நாள் அந்த அம்மாள் அழுத்திக் கேட்டிருந்தால், போராட்டம் அங்கேயே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அபலா நம் சென்னையில் படித்தவர். 1882-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வங்காள அரசாங்கத்தின் உதவித்தொகை பெற்றுச் சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்றார். உடல்நலம் கெட்டதால் முடிக்க முடியாமல் திரும்பினார். பிற்காலத்தில் பெண்கல்விக்காக நாரி சிக்ஷா சமிதி என்ற அமைப்பைத் தொடங்கிக் கிராமம் கிராமமாகப் பள்ளிகள் திறந்தார், விதவைகளுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார். தனக்குக் கிடைக்காததைப் பிறருக்குத் தேடிக்கொடுத்த மனுஷி. அவர் சென்னையில் படித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், கல்கத்தாவில் இரண்டு பெண்கள் பட்டம் வாங்கினார்கள். இந்தியாவின் முதல் பெண் பட்டதாரிகள் அவர்கள். ஒருவர் சந்திரமுகி பாசு, மற்றவர் காதம்பினி பாசு. வங்காளத்தில் பாசு என்றாலும் போஸ் என்றாலும் ஒன்றுதான். காதம்பினி கங்கூலி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு, கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் கதவைத் திறந்து உள்ளே போய் டாக்டரானார். இந்தப் பெண்களைப் பற்றி மேஷோமஷாய் சொல்லும்போது மாஷிமா வேலையை விட்டுவிட்டு வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்று கேட்பார்.

1974 பிப்ரவரி 4-ஆம் தேதி கல்கத்தாவில் சத்தியேந்திரநாத் போஸ் காலமானார். நான் அப்போது அங்கே இருந்தேன். மறுநாள் காலை மேஷோமஷாய் செய்தித்தாளை என் அறைக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் படியிறங்கிப் போனார். ஜகதீஷின் மாணவர் சத்தியேந்திரர். இருவருக்கும் பெயர்தான் ஒன்று, உறவு ஆசிரியர் மாணவர் உறவு. அவரைப் பற்றி நான் முழுதாகக் கேட்டுக்கொண்டது சில வாரம் கழித்துத்தான்.

இளவயதில் சத்தியேந்திரரும் அவர் வகுப்புத் தோழர் மேகநாத் சாஹாவும் சேர்ந்து, ஐன்ஸ்டைனின் சார்பியல் கட்டுரைகளை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்தில் ஆக்கினார்கள். பிறகு சத்தியேந்திரர் டாக்கா பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போனார். அங்கே ஒளியைப் பற்றிய பிளாங்கின் விதியைப் பாடம் நடத்தும்போது, அதைப் பழைய இயற்பியலின் துணையே இல்லாமல் வருவிக்க முடியும் என்று கண்டார். நான்கு பக்கக் கட்டுரைதான். 1924 ஜூன் 4-ஆம் தேதி அதை ஐன்ஸ்டைனுக்கே அனுப்பிவைத்தார். முப்பது வயது ஆள், டாக்டர் பட்டம் கிடையாது, ஐரோப்பாவில் அவரை அறிந்தவர் யாரும் இல்லை. தகுதியானது என்று பட்டால் ஜெர்மனில் வெளியிட ஏற்பாடு செய்யுங்கள் என்று கேட்டிருந்தார்.

ஐன்ஸ்டைன் அன்று உலகப் புகழின் உச்சியில் இருந்தவர். அவருக்கு வரும் தபால்களை எண்ணி மாளாது. அவர் அந்தக் கட்டுரையைப் படித்தார், தாமே ஜெர்மனில் மொழிபெயர்த்தார், இது முக்கியமான முன்னேற்றம் என்று ஒரு குறிப்பும் எழுதி, அதே ஆண்டு வெளியிடச் செய்தார். சத்தியேந்திரருக்கு ஒரு தபால் அட்டையும் போட்டார். அந்த ஒரு அட்டையைக் காட்டித்தான் சத்தியேந்திரர் ஐரோப்பாவுக்குப் போகப் படிப்பு விடுப்பு வாங்கினார். ஜெர்மன் தூதரகத்தில் அட்டையைப் பார்த்துவிட்டு விசாவுக்குக் கட்டணமே வாங்கவில்லையாம்.

வங்கியில் முப்பத்தைந்து வருடம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அறிமுகமில்லாத ஒருவர் நீட்டும் காகிதத்தை முழுதாகப் படிப்பது லேசான காரியம் இல்லை. பெரும்பாலும் யார் அனுப்பியது என்று பார்ப்போம், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க மாட்டோம். ஐன்ஸ்டைன் அனுப்புநர் முகவரியோடு நின்றிருந்தால் அது குப்பைக்குப் போயிருக்கும். இன்று உலகத்தின் அடிப்படைத் துகள்களை இரண்டு வகையாகப் பிரித்து, ஒரு வகைக்கு போசான் என்கிறார்கள். அந்தப் பெயரைச் சூட்டியவர் டிராக். 2012 ஜூலையில் ஹிக்ஸ் போசான் கண்டுபிடித்த செய்தி வந்தபோது என் பேரன் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான், “தாத்தா, உங்க பேரு!” என்று. அவனை உட்காரவைத்து டாக்காவிலிருந்து போன தபாலைப் பற்றிச் சொன்னேன். சத்தியேந்திரருக்கு நோபல் பரிசு கடைசிவரை கொடுக்கவில்லை. அவர் வழியில் பின்னால் நடந்தவர்களுக்கு 2001-இல் கொடுத்தார்கள். அவரோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் வங்காள மொழியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பதற்கென்றே 1948-இல் ஒரு மன்றம் தொடங்கி அதில் மூழ்கியிருந்தார். தாய்மொழியில் அறிவியல் முடியாது என்று இன்றும் சொல்கிறவர்கள் அவரைப் பற்றிப் படிக்க வேண்டும்.

குதிராம் போஸைப் பற்றிச் சொன்ன அன்று மாஷிமாதான் பேசினார். குதிராமுக்கு முன்னால் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் இவர் பிறந்ததும் மூன்று கைப்பிடி நொய்யரிசி வாங்கிக்கொண்டு மூத்த அக்காவிடம் விற்றதாகச் சடங்கு செய்தார்கள். அந்த நொய்யால் வந்ததுதான் குதிராம் என்ற பெயர். கேட்டதும் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நம் பக்கமும் பிள்ளை தங்காத வீட்டில் தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள், குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன், பிச்சை என்று பெயர் வைப்பார்கள். அதைச் சொன்னதும் மாஷிமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்படி எமனிடமிருந்து மறைத்து வளர்த்த பிள்ளை 1908 ஆகஸ்ட் 11-ஆம் தேதி முசாபர்பூர் சிறையில் தூக்கில் தொங்கினான். வயது பதினெட்டு. ஒரு மாஜிஸ்திரேட்டைக் குறிவைத்து வீசிய குண்டு, வேறு வண்டியில் வந்த ஒரு தாயையும் மகளையும் கொன்றது. அவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். பெயர் ஒன்று என்பதற்காக இதை நான் மறைத்துச் சொல்ல மாட்டேன். அவன் தைரியத்துக்குத் தலைவணங்கலாம், அந்த இரண்டு பெண்களுக்காகவும் வருந்தலாம். இரண்டும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்று தெரிந்துகொள்ள எனக்கு வயது ஆக வேண்டியிருந்தது.

ராஷ் பிகாரி போஸின் கதை அதற்குப் பிறகுதான். 1912 டிசம்பரில் டெல்லியில் யானைமேல் ஊர்வலம் வந்த வைஸ்ராய் ஹார்டிங்மீது குண்டு வீசிய சதிக்குப் பின்னால் இருந்தவர். 1915-இல் தப்பி ஜப்பானுக்குப் போனார். பிரிட்டிஷார் நெருக்கியதால் ஜப்பான் அரசாங்கம் அவரை வெளியேறச் சொன்னது. டோக்கியோவில் நகமுராயா என்று ஒரு ரொட்டிக்கடை. அதை நடத்திய சோமா தம்பதி, முன்பின் தெரியாத இந்த இந்தியரைக் கடைக்குப் பின்னால் ஓவியர்களுக்காக வைத்திருந்த கொட்டகையில் மாதக்கணக்கில் ஒளித்துவைத்தார்கள். கடைக்குப் பாதகம் வரலாம், சிறைக்கும் போகலாம். தெரிந்தே செய்தார்கள். பிறகு அவர்களுடைய மகள் தோஷிகோவே அவரை மணந்துகொண்டார். ஒளிந்து வாழ்ந்த வாழ்க்கை. 1925-இல் இளவயதிலேயே தோஷிகோ இறந்துபோனார். ராஷ் பிகாரி மாமனார் கடையோடு இருந்து, நம் ஊர்க் கறிக்குழம்பை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1927 முதல் இன்றுவரை நகமுராயாவில் அந்த இந்தியக் கறி கிடைக்கிறது.

1943 ஜூலையில் சிங்கப்பூரில் ராஷ் பிகாரி தாம் வளர்த்த இயக்கத்தை அப்படியே சுபாஷிடம் ஒப்படைத்தார். சுபாஷ் அவரைவிடப் பதினோரு வயது இளையவர். ஏறக்குறைய முப்பது வருடம் அந்நிய மண்ணில் காத்திருந்து கட்டியதை, ஒரு மேடையில் நின்று இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு ஆலோசகராக ஒதுங்குவது எல்லோராலும் ஆகாது. ஒரு சங்கத்தின் செயலாளர் பதவியை விட்டுக்கொடுக்க மனம் வராமல் பெரியவர்கள் படும் பாட்டை நான் கிட்ட இருந்து பார்த்தவன். அதனால் அந்த ஜூலை மாதத்து மேடையில் எனக்குப் பெரியவர் ராஷ் பிகாரிதான்.

இடையில் எனக்கு ஒருமுறை கடுமையான காய்ச்சல். மாஷிமா வேளை தவறாமல் கிச்சுரியைக் குழைய வேகவைத்து மாடிக்கு எடுத்துவருவார். அவருக்கு மூட்டுவலி. ஒருநாள் கேட்டுவிட்டேன், “நான் போஸ் என்பதால்தானே இவ்வளவும்?” அவர் முறைத்தார். “உன் பெயர் முத்துசாமி என்றிருந்தால் காய்ச்சல் குறைவாக அடிக்குமா? சாப்பிடு” என்றார்.

சுபாஷ் வீட்டுக்கு, எல்கின் சாலைக்கு, எங்கள் தெருவிலிருந்து நடந்தே போகலாம். 1941 ஜனவரியில் வீட்டுக்காவலிலிருந்து அவர் தப்பிய வீடு. வெளியே போலீஸ் கண்காணிப்பு. நள்ளிரவுக்கு மேல் வட இந்திய முஸ்லிம் கனவான் வேடத்தில் காரில் ஏறினார். வண்டியை ஓட்டியவர் அண்ணன் சரத் சந்திர போஸின் மகன் சிசிர். மருத்துவக் கல்லூரி மாணவர், இருபது வயது. இரவெல்லாம் ஓட்டி, மறுநாள் தன் அண்ணன் வீட்டில் சித்தப்பாவைத் தங்கவைத்து, இரவு கோமோ ரயில் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். பிறகு சிறைவாசம், லாகூர்க் கோட்டையில் தனிமை. விடுதலைக்குப் பின் படிப்பை முடித்துக் குழந்தை மருத்துவராகி ஊர்ப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தார். 1957-இல் சித்தப்பாவின் ஆவணங்களைக் காக்க அதே வீட்டில் ஓர் ஆய்வு மையமும் தொடங்கினார். அவர் அப்பா சரத் சந்திர போஸை 1941 டிசம்பரில் பிடித்துப்போய்ப் போர் முடியும்வரை அடைத்துவைத்தார்கள். அடைத்த இடங்களில் நம் திருச்சியும் குன்னூரும் உண்டு. தம்பிக்காக அண்ணன் நம் மண்ணில் காவலில் கிடந்தார். தம்பியின் பெயரை வைத்துக்கொண்டு ஊரெங்கும் நாங்கள் திரிந்தோம். அண்ணன் பெயர் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1938-இல் குஜராத்தின் ஹரிபுராவில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கு சுபாஷ் தலைவர். பந்தலை அலங்கரிக்கச் சொல்லி காந்தியார் அழைத்தது சாந்திநிகேதனத்து ஓவியர் நந்தலால் போஸை. நந்தலால் தலைவர்களின் படங்களை வரையவில்லை. செருப்புத் தைப்பவர், மத்தளம் அடிப்பவர், தச்சர், நெல் குத்தும் பெண் என்று வரைந்து வழியெங்கும் மாட்டினார். பின்னாளில் நம் அரசியல் சாசனத்தின் மூலப்படியை அவரும் அவர் மாணவர்களும் ஓவியங்களால் அழகுசெய்தார்கள். அதில் ஒரு பக்கத்தில் சீருடையில் சுபாஷ் நிற்கிறார். காங்கிரஸை விட்டு வெளியேற நேர்ந்தவரை, நாட்டின் சட்டப்புத்தகத்தில் ஒரு போஸ் கொண்டுவந்து நிறுத்தினார்.

இதையெல்லாம் சேர்த்துவைத்துக்கொண்டு விடுமுறையில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் சொன்னேன். திண்ணையில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். ராணுவத்தைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். அன்று பேசினார். அவருடைய அண்ணன் ஒருவர் அதே தோட்டத்தில் இருந்தார் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். ஜப்பான்காரர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ரயில்பாதை போட ஆள் பிடித்தபோது பெரியப்பாவைக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. அந்த மரண ரயில்பாதையில் காலராவிலும் பட்டினியிலும் போன தமிழர்கள் ஆயிரம் ஆயிரம் பேர்.

“அண்ணனைக் கொண்டுபோனவன் குடுத்த துப்பாக்கியத்தான் நானும் பிடிச்சேன்” என்றார் அப்பா. “நேதாஜிட்ட இதக் கேக்கணும்னு நெனச்சிருக்கேன். அவரு கிட்டப் போற ஆளா நான்?” சற்று நேரம் கழித்து, “ஆனா ஒண்ணு. அதுவரைக்கும் எங்கள யாரும் நிமிந்து நிக்கச் சொன்னதில்ல. அவரு பேசுறத ஒருத்தர் தமிழ்ல சொல்வாரு. கேட்டா முதுகு தானா நிமிரும். உன்னைக் கூப்பிடுறப்பல்லாம் அது வேணும்னுதான் வச்சேன்” என்றார்.

அப்பாவின் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. சுபாஷின் பெயரைச் சுமப்பவன் அந்தக் கேள்வியையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும்.

இப்போது பிள்ளைகளுக்குப் போஸ் என்றால் காதுக்கு மாட்டும் ஒலிக்கருவி. அதற்குப் பின்னாலும் ஒரு வங்காளத்து அப்பா இருக்கிறார். விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டு வெள்ளைக்காரர்களிடமிருந்து தப்பி 1920-இல் அமெரிக்கா போனவர். போர்க்காலத்தில் அவர் வியாபாரம் நொடித்தபோது, பள்ளிச் சிறுவனான மகன் அமர் ரேடியோ ரிப்பேர் செய்து வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுத்தான். அந்த அமர் போஸ் 2011-இல் தன் கம்பெனியின் பெரும்பங்கைத் தான் படித்து ஆசிரியராக இருந்த எம்.ஐ.டி.க்கே கொடுத்துவிட்டார். பெயரும் ஊர் ஊராகப் போயிருக்கிறது. நம் இசையமைப்பாளர் சந்திரபோஸ், ‘நாட்டு நாட்டு’ பாடலுக்காக 2023-இல் ஆஸ்கர் வாங்கிய தெலுங்குக் கவிஞர் சந்திரபோஸ், ‘மெட்டி ஒலி’ தொடரில் ஏற்ற வேடத்தாலேயே போஸ் என்று ஒட்டிக்கொண்ட நடிகர் வெங்கட் என்று சொல்லிக்கொண்டே போகலாம்.

எங்கள் பக்கம் இப்போது பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை அதிகம் வைப்பதில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது, அவரவர் காலத்துக்கு அவரவர் பெயர். ஆனால் யார் பெயரை வைத்தாலும், அந்தப் பெரியவருக்குப் பின்னால் நின்றவர்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கல்கத்தா போக நேர்ந்தால் எல்கின் சாலைக்கு அவர்களை அழைத்துப்போங்கள். அந்தக் கார் அங்கே பத்திரமாக இருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் யார் என்று பிள்ளைகளுக்கே தெரியும். ஓட்டியவர் பெயர் சிசிர் குமார் போஸ் என்று நீங்கள் சொல்லுங்கள்.